முத்திருளன் என்கிற ஏழாயிரம்

கீழக்குயில்குடிக்கு மேற்கே, பொட்டல் வெளியில் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தைக் கட்டுவதற்கு முன், நட்சத்திரங்களை ஆராய ஒரு கட்டடம், ரத்தத்தை ஆராய ஒரு கட்டடம், கண்ணாடியை ஆராய ஒரு கட்டடம் என்று மூன்று கேட்டிருந்தார்கள். ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு நட்சத்திரத்துக்கும் ரத்தத்துக்கும் கண்ணாடிக்கும் ஆழமான தொடர்பு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே நடந்த முதல் கண்டுபிடிப்பு அதுதான்.

மொட்டை மாடியில் பெரிய தொலைநோக்கி வைத்தார்கள். அதன் கௌரவத்துக்காகக் கட்டடத்தைச் சுற்றி நாற்பத்திரண்டு உயர்கோபுர விளக்குகள் நட்டார்கள். விளக்குகளைப் போட்ட பிறகு தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் விளக்குகள் நன்றாகத் தெரிந்தன. அவற்றை அணைக்க அனுமதி கேட்டு எழுதிய கோப்பு, வெளிச்சம் சம்பந்தப்பட்டது என்பதால் கண்ணாடிப் பிரிவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. நட்சத்திரப் பிரிவில் யாருக்கும் வேலை இல்லை. எனவே அங்கிருந்தவர்களில் மூத்தவரான முனைவர் செல்வக்குமாரை மூன்று பிரிவுகளுக்கும் இயக்குநர் ஆக்கினார்கள்.

முத்திருளன் அந்த நிறுவனத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். முப்பத்தெட்டு வயது. தோளுக்கு ஒன்றாக இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். வீட்டையொட்டிய கொட்டகையில் அவன் மனைவி பாண்டீஸ்வரி கேன்களைக் கழுவி நிரப்பிக் கொடுப்பாள். குட்டியானை வண்டி சொந்தம். இருவருக்கும் அந்த நிறுவனத்தைப் பற்றித் தெரிந்தது, அங்கே ஒரு நாளைக்கு இருபத்தாறு கேன் செலவாகிறது என்பது மட்டும்தான்.

திறப்பு விழா அன்று காலையில் ரத்தப் பிரிவில் ஒரு சிக்கல். ஆரோக்கியமான ரத்தம் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்தால்தான் நோயாளியின் ரத்தத்தை அதோடு ஒப்பிட முடியும். அதற்காக இருநூறு ஆரோக்கியமான ஆட்களைச் சோதிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவின் தலைவி டாக்டர் தமிழ்ச்செல்வி மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தார். கோப்பு அன்று காலைதான் திரும்பி வந்தது. இயக்குநர் பச்சை மையில் எழுதியிருந்தார்: "வானத்து வெளிச்சங்களை அளக்க நாங்கள் ஒரு நட்சத்திரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். இருநூறு அல்ல. ஒன்று."

அந்த நேரத்தில் முத்திருளன் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தான். லிஃப்ட்டை விருந்தினருக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு கேன்களுடன் மூச்சு வாங்காமல் வந்து நின்றவனை இயக்குநர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு "இவர்" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் ஏழாயிரம். நோயை எதிர்க்கிற அணுக்கள் அவை, ஏழாயிரம் மிக நல்ல எண்ணிக்கை என்று தமிழ்ச்செல்வி சொன்னார். மாலையில் மேடை ஏற்றிச் சால்வை போட்டார்கள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அதில் அவன் பெயருக்குக் கீழே "அளவுகோல் மனிதர்" என்று இருந்தது. விதிகளை அழகுராஜா வாசித்தார். அவர் கண்ணாடிப் பிரிவின் தலைவர். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடக் கூடாது, அளவுகோல் மாறிவிடும். எல்லையைத் தாண்டக் கூடாது. முத்திருளன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான், கேன் போடும் வேலை தொடருமா என்று. தொடரும் என்றார்கள். கையெழுத்துப் போட்டான்.

நடைமுறை எளிமையானது. செவ்வாய்க்கிழமை அவன் ரத்தத்தை அளப்பார்கள். அணுக்களை எண்ணுகிற இயந்திரம் சரியாக ஏழாயிரம் என்று காட்டுகிற விதத்தில் அழகுராஜா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சதுரம் செய்வார். எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்தால் கண்ணாடியில் கொஞ்சம் சாயம் ஏற்றுவார், குறைந்தால் இறக்குவார். அந்தக் கண்ணாடிக்குப் படிகள் எடுத்து, புதன்கிழமை மதுரையைச் சுற்றியுள்ள எல்லா லேப்களுக்கும் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புவார்கள். இயந்திரத்தில் அதைச் செருகிய பிறகுதான் யாருடைய ரத்தத்தையும் சோதிக்கலாம். பழையபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணுவது தடை செய்யப்பட்டது. மனிதக் கண்களுக்கு இன்னும் கண்ணாடி தயாராகவில்லை என்று சுற்றறிக்கையில் காரணம் இருந்தது.

எல்லை எதுவரை என்பதற்கு நான்கு பக்கமும் மஞ்சள் பலகை நட்டார்கள். திருச்சி ரோட்டில் அது கொட்டாம்பட்டியைத் தாண்டி இருந்தது: "மதுரை அளவுகோல் எல்லை முடிவு."

ஒரு வருடம் ஒன்றும் இல்லை. பிறகு முத்திருளன் மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் நிற்க ஆரம்பித்தான். இரண்டு கேன் ஒன்றாயிற்று. பனியன் தினமும் வேர்வையில் நனைந்தது. கையில் எங்கே லேசாக இடித்தாலும் நாவல்பழம் நசுங்கிய மாதிரி ஊதாத் தடம் விழுந்தது. இடது பக்க வயிறு கனத்தது. பாதிச் சாப்பாட்டிலேயே போதும் என்று எழுந்துவிடுவான்.

செவ்வாய்க்கிழமை தமிழ்ச்செல்வியிடம் சொன்னான். அவர் ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் ரிப்போர்ட்டில் ஏழாயிரம் என்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனான். ஏழாயிரம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான், அங்கேயும் ஏழாயிரம். அங்கிருந்த டாக்டர் ரிப்போர்ட்டையும் கழுத்து அட்டையையும் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். இப்படி ஒரு ரிப்போர்ட்டை அந்த வாரத்தில் அவர் பார்க்கவே இல்லையாம்.

உண்மைதான். அந்த வாரம் மதுரையில் வேறு யாருக்குமே நல்ல ரிப்போர்ட் வரவில்லை. முதலில் ஐயாயிரம், நாலாயிரம் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு எல்லோருக்கும் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கியது. பாண்டீஸ்வரிக்கு ஆயிரத்து நானூறு. தினமும் முப்பது கேன் கழுவுகிறவளை, சுவர் ஓரமாகப் பார்த்து நடக்கும்படி டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நகரம் பயந்தது. நன்றாக இருந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்கள். கல்யாணம் பேசும்போது ஜாதகத்தோடு ரத்த ரிப்போர்ட்டும் கேட்டார்கள். எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே போனவர்களைத் தனி வார்டில் வைத்து, வெள்ளை அணுக்கள் கூடுவதற்கு ஊசி போட்டார்கள். அதில் சிலர் உண்மையாகவே படுத்துவிட்டார்கள். படுத்தது, அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்பதற்கு நிரூபணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

"மதுரைச் சமவெளியில் எதிர்ப்புச் சக்தியின் வீழ்ச்சி" என்ற தலைப்பில் நிறுவனம் கட்டுரை வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தின் நடுவில் முத்திருளனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நிற்க முடியாததால் உட்கார்ந்திருக்கிறான் என்பது படத்தில் தெரியவில்லை.

குட்டியானையை ஓட்டப் பாண்டீஸ்வரி கற்றுக்கொண்டாள். ஒரு நாள் கேன்களை இறக்கிவிட்டு, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, நேராக ஆரப்பாளையத்துக்கு ஓட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவில் நைனா முகமதுவின் லேப் இருந்தது. முத்திருளன் பதினைந்து வருடமாக அங்கே கேன் போட்டவன். ஒருவரை ஒருவர் மாமன், மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்கிற பழக்கம். லேப்பில் இயந்திரம் ஒரு மூலையில் துண்டு போர்த்திக் கிடந்தது. வாரா வாரம் வந்த அளவுக் கண்ணாடிகளைப் பாய் தண்ணீர்த் தம்ளர்களுக்கு மூடியாக வைத்திருந்தார்.

முத்திருளனின் சட்டையைத் தூக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா இப்பிடிக் கெடக்கு, மாப்ள?"

"ஆறேழு மாசமா, மாமா. எங்க போயிப் பாத்தாலும் ஏழாயிரம்ங்குறாக."

பாய் கதவைச் சாத்திவிட்டு மைக்ராஸ்கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணை வைத்து, இடது கையால் எண்ணிக்கைப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். டிக், டிக் என்று சத்தம் வந்தது. அது வேகமாகிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நின்றது. பாய் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"சாதாரண நாள்ல நம்ம பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு அங்கிட்டும் இங்கிட்டும் நிப்பாங்கள்ல, அப்பிடி இருக்கணும் மாப்ள. இது அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்குக் கூட்டம். எள்ளுப் போட்டா விழாது."

"எம்புட்டு மாமா?"

"ஒரு லச்சத்து எம்பதாயிரத்துக்குக் கொறையாது."

பாண்டீஸ்வரி தன் விரலையும் நீட்டினாள். அந்த வாரம் அவள் ரிப்போர்ட்டில் இருநூற்று எழுபது என்று வந்திருந்தது. பாய் நிதானமாக எண்ணி முடித்தார்.

"ஒனக்குத்தான் தாயி ஏழாயிரம்" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதை இருவரும் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இது ரத்தத்தில் வருகிற பெரிய சீக்கு. ஆனால் இந்த மாதிரிச் சீக்கை மாத்திரையிலேயே கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம், சீக்கிரம் ஆரம்பித்தால். இரண்டு மூன்று மாதம் தள்ளிவிட்டால் பிறகு எந்த மாத்திரையும் கேட்காது. ஏழாயிரம் என்று ரிப்போர்ட் உள்ளவனுக்கு மதுரையில் எந்த டாக்டரும் அந்த மாத்திரையை எழுதித் தர மாட்டார்.

மூவருமாக நிறுவனத்துக்குப் போனார்கள். பாய் மைக்ராஸ்கோப்பை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு வந்திருந்தார். இயக்குநர் அறையில் அழகுராஜாவும் தமிழ்ச்செல்வியும் இருந்தார்கள். அழகுராஜா மைக்ராஸ்கோப்பை வாங்கி லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினேழு கீறல்கள் இருப்பதாகச் சொன்னார். பாயின் கண்ணை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டார். நாற்பது வருடமாக இதே வேலைதான் பார்ப்பதாகப் பாய் சொன்னார். அது அனுபவம், அளவீடு ஆகாது என்று சொல்லிவிட்டு, அழகுராஜா மைக்ராஸ்கோப்பைப் பறிமுதல் செய்து அதற்கு ஒரு ரசீது கொடுத்தார்.

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் யாரிடமும் கோபப்பட்டதில்லை.

"எங்கள் துறையில் ஒரு சம்பவம் உண்டு. நாங்கள் அளவுகோலாக வைத்திருந்த ஒரு நட்சத்திரம் வீங்கிக்கொண்டே போகிறது என்று ஒரு மாணவர் எழுதினார். அந்த ஒன்று வீங்குகிறது என்று ஒப்புக்கொண்டால் அதை வைத்து அளந்த நாலாயிரம் நட்சத்திரங்களும் தப்பாகிவிடும். ஆகவே நாலாயிரமும் மங்குகின்றன என்று முடிவு செய்தோம். எந்த நட்சத்திரமும் ஆட்சேபிக்கவில்லை. அந்த மாணவர் இப்போது துறையில் இல்லை. திரு. முத்திருளன் மாறவில்லை, அம்மா. மாறியது மதுரை."

"இவரு செத்துப் போயிட்டா என்ன சார் செய்வீக?" என்றாள் பாண்டீஸ்வரி.

"அதற்கு ஏற்பாடு இருக்கிறது. அவர் ரத்தம் ஐந்நூறு குப்பி குளிர்பெட்டியில் வைத்திருக்கிறோம்" என்றார் இயக்குநர், அவள் கவலையைத் தீர்த்துவைக்கிறவர் போல. "இறந்தவர் மாற மாட்டார். உயிரோடு இருந்துகொண்டே மாறுவதுதான் சிக்கல். அதற்குத்தான் மருந்து வேண்டாம் என்கிறோம்."

வராந்தாவில் தமிழ்ச்செல்வி பின்னாலேயே வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, தனக்கு முன்பே தெரியும் என்றார். கண்ணால் எண்ணிப் பார்த்திருக்கிறார். அது பற்றி ஒரு கோப்பும் போட்டிருக்கிறார். எப்போது போட்டீர்கள் என்று பாண்டீஸ்வரி கேட்டதற்கு, ஏழு மாதம் ஆகிறது என்றார். சொல்லும்போது தரையைப் பார்த்தார். பிறகு, ஒன்பதாவது விதியில் ஒரு வழி இருக்கிறது என்றார். சமமான இன்னொரு ஆள் கிடைத்தால் அளவுகோல் மனிதரைப் பதவியிலிருந்து விடுவிக்கலாம். விடுவித்த பிறகு அவர் மருந்து சாப்பிடலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். அது உடனே ஏற்கப்பட்டது. ஊர் ஊராக முகாம் போட்டார்கள். வருகிறவர் ஆரோக்கியமானவராக இருக்க வேண்டும். ஆரோக்கியமானவர் என்றால் ஏழாயிரம் இருக்க வேண்டும். மைதானத்தில் ஓடுகிறவர்கள் வந்தார்கள், இருநூற்று முப்பது வந்தது. ஜல்லிக்கட்டில் மாடு பிடிக்கிறவர்கள் வந்தார்கள், இருநூற்று அறுபது. எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊசி வார்டுக்குப் போனார்கள். நாற்பதாயிரம் பேரைச் சோதித்தும் முத்திருளனுக்குச் சமமாக ஓர் ஆள் இல்லை. நைனா முகமது மட்டும் தினமும் போனில் ஒரே விஷயத்தைச் சொன்னார். எதற்கும் காத்திருக்க வேண்டாம், கொட்டாம்பட்டியைத் தாண்டிவிட்டால் இவர்களுடைய கண்ணாடி கிடையாது, திருச்சியில் தனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தார். முத்திருளன்தான் தயங்கினான். கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்றான்.

இரண்டாவது மாதக் கடைசியில் ஆள் கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அரங்கில் விழா. புதுச் சால்வை ஒரு தட்டில் இருந்தது. பாண்டீஸ்வரி கேன்களை இறக்காமல் வண்டியிலேயே இருந்தாள். முத்திருளனைப் பிடித்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பெயர் முத்துமீனா என்றும், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கயிறு கம்பெனியில் வேலை பார்ப்பதாகவும் அவளே சொன்னாள்.

மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். புதிய அளவுகோல் பொறுப்பேற்கும் இந்த நன்னாளில் நிறுவனத்தின் எல்லை திருச்சி வரைக்கும் விரிவடைகிறது, பலகைகளும் கண்ணாடிகளும் லாரியில் காலை எட்டு மணிக்கே புறப்பட்டுவிட்டன, இன்று மாலைக்குள் திருச்சியின் எல்லா இயந்திரங்களிலும் மதுரைக் கண்ணாடி இருக்கும் என்றார். கை தட்டினார்கள்.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் எரநூறு முந்நூறுன்னு வந்துச்சுண்ணே" என்றாள் முத்துமீனா, குரலைத் தாழ்த்தி. "எனக்கு மட்டும் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது. எங்கம்மா காளியாத்தாளுக்குப் பொங்க வச்சுச்சு. இதுல ஒண்ணும் பயமில்லையேண்ணே?"

அவள் மடியில் வைத்திருந்த கையை முத்திருளன் பார்த்தான். முழங்கைக்குக் கீழே நாவல்பழம் நசுங்கிய மாதிரி ஊதாத் தடம் இருந்தது.

"வயிறு இடது பக்கம் கனக்குதா தாயி?"

அவள் திரும்பினாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மேடையில் அவன் பெயரைச் சொன்னார்கள். விடுவிப்புப் பத்திரத்தை அழகுராஜா கொண்டுவந்து நீட்டினார். ஒரு கையெழுத்துதான். போட்டால் அவனுக்கு மாத்திரை. கழுத்து அட்டை அந்தப் பெண்ணுக்கு. முத்திருளன் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். அது கேனைவிடக் கனமாக இருந்ததாகப் பிறகு பாண்டீஸ்வரியிடம் சொன்னான். மேடைக்குப் பக்கத்தில் தமிழ்ச்செல்வி நின்றுகொண்டிருந்தார். அவர் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தார்.

இயக்குநர் பேச்சின் நடுவே தொண்டையைச் செருமி, தண்ணீர் கேட்டார். தம்ளர் காலி. ஓரத்தில் இருந்த கேனும் காலி.

"வண்டியில கேன் இருக்கு சார். எறக்கிட்டு வாரேன்" என்று முத்திருளன் எழுந்தான். பேனாவை நாற்காலியில் வைத்தான். "என்னால தூக்க முடியாது. தாயி, நீ ஒரு கை பிடி."

அளவுகோல் மனிதர்கள் இருவரும் அரங்கை விட்டு வெளியே போனதை நானூறு பேர் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டுவரப் போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை.

முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாண்டீஸ்வரி அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். வண்டியை எடுத்தாள். பின்னால் நிரம்பிய கேன்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. மேலூர் தாண்டும் வரைக்கும் முத்திருளன்தான் மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தான். முத்துமீனா அழவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டாள்.

கொட்டாம்பட்டியைத் தாண்டியதும் மூவரும் பலகையைத் தேடினார்கள். பலகை இருந்த இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. மண் இன்னும் ஈரமாகக் கிடந்தது.

ஒரு கிலோமீட்டர் தள்ளி அந்த லாரியைப் பார்த்தார்கள். நடு ரோட்டில் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் மஞ்சள் பலகையை நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதன் இரண்டு பக்கமும் மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் "கண்ணாடி, கவனம்" என்று எழுதியிருந்தது. பலகையின் முகம் இவர்களைப் பார்த்து இருந்தது. முத்துமீனா அதை எழுத்துக் கூட்டுகிறவள் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். மதுரை. அளவுகோல். எல்லை. முடிவு.

பலகை போய்க்கொண்டே இருந்தது. அது போகிற தூரத்துக்கு அவர்கள் மதுரையிலேயே இருந்தார்கள்.

"முந்திரலாமா?" என்றான் முத்திருளன்.

பாண்டீஸ்வரி வலது பக்கம் ஒதுக்கினாள். லாரியும் வலது பக்கம் ஒதுங்கியது. இடது பக்கம் வந்தாள். லாரியும் இடது பக்கம் வந்தது. கேன்களின் பாரத்தில் குட்டியானை திணறியது. முத்திருளன் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தான்.

"ஓரமா நிறுத்து. கேனையெல்லாம் தள்ளி விட்டுருவோம்."

இருபத்தாறு கேன்களையும் மூன்று பேருமாகச் சாலையோரத்துப் புல்லில் உருட்டிவிட்டார்கள். அதற்குள் லாரி மஞ்சள் புள்ளியாகச் சுருங்கியிருந்தது. பாண்டீஸ்வரி ஏறி உட்கார்ந்து, பாய் எழுதிய கடிதம் இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வண்டி காலியாக, லேசாகக் கிளம்பியது. புள்ளி பலகையாயிற்று. பலகையில் எழுத்துகள் தெரிய ஆரம்பித்தன. அவள் ஹாரனில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.